மழைக்காலத்துப் படக்கொட்டில்

1

அறுபத்தெட்டில் பிரித்தானியாவுக்கு வந்து எட்டு வருடம் நிறைந்ததை நாங்கள் ஒரு வாரம் முழுவதும் மழைக்குள் இருந்து கொண்டாடினோம். "மழை பாக்கவே கப்பலேறிப் போனனீங்கள்?" என்று ஊரில் இதை வாசிக்கிறவர்கள் கேட்பீர்கள். தாராளமாகக் கேளுங்கள். நானும் என் கணவரிடம் அதைத்தான் கேட்டேன்.

இவருடைய ஆஸ்பத்திரியில் கூட வேலை செய்கிற ஒருவருக்கு வேல்ஸ் மலைப்பக்கம் ஒரு மரக்குடில் இருக்கிறது. கோடையில் அவர் குடும்பத்தோடு போய்த் தங்குவார். ஐப்பசியில் அது பூட்டிக் கிடக்கும். "பூட்டிக் கிடக்கிற வீடுதானே, போய் இருந்துவிட்டு வாருங்கள்" என்று சாவியைத் தந்துவிட்டார். ஐப்பசியில் அது ஏன் பூட்டிக் கிடக்கிறது என்று நாங்கள் கேட்கவில்லை. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது அல்லவா?

போய் இறங்கியதும் காரணம் விளங்கிவிட்டது. எங்கள் பக்கத்து மழையென்றால் இரைந்து பெய்யும். வருகிறது என்றும் தெரியும், போகிறது என்றும் தெரியும். இந்த மழை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே நின்றது. இவர் மட்டும், "என்ன குளிர்மை, என்ன அமைதி" என்று சொல்லிக்கொண்டு ஈர விறகை ஊதினார்.

குடில் ஒரே அறை. மூலையில் இரும்பு அடுப்பு, சுவரோடு கட்டில்கள், பள்ளத்தாக்கைப் பார்த்தபடி ஒரு பெரிய கண்ணாடி யன்னல். சாமான்களை இறக்குவதற்கு முன்னரே நான் போய் அந்த யன்னலின் திரையை இழுத்து மூடினேன். எங்கள் மகள் நளினிக்கு ஏழு வயது. "வெளியில் யாருமே இல்லையே அம்மா, யார் பார்ப்பார்கள் என்று மூடுகிறீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். இப்போதெல்லாம் அவள் கேட்பது ஆங்கிலத்தில்தான். நான் தமிழில் பதில் சொல்வேன். இரண்டு கரையிலும் நின்று கதைக்கிற மாதிரி எங்கள் வீட்டில் கதை நடக்கும். திரையை விலக்கிப் பார்த்தேன். அவள் சொன்னது சரி, ஒரு செம்மறியாடுதான் நின்றது. அதுவும் எங்களைப் பார்க்கவில்லை. இருந்தாலும் மூடினேன்.

மூன்றாம் நாள் பிள்ளைக்குப் பொறுமை போய்விட்டது. பால் வாங்கப் போன கடையில் இருந்த பெண், கீழே கிராமத்தில் ஒரு படக்கூடம் இருக்கிறது என்றாள். பிள்ளைகள் குறைந்து மூடிப்போன பள்ளிக்கூடத்தை, அந்தப் பக்கத்து ஆட்கள் வரைந்த படங்களைத் தொங்கவிடும் இடமாக மாற்றியிருக்கிறார்களாம். சப்பாத்துக்குள் தண்ணீர் சளக் சளக்கென்று அடிக்க நடந்து போனோம்.

அதைப் பார்த்துக்கொள்ளும் வயதான அம்மாள், படங்களைக் காட்டுவதற்கு முன்னர் எங்கள் மேல்கோட்டுகளைக் கழற்றி வாங்கி அடுப்பருகே காயப்போட்டார். பிறகு தேநீர் தந்தார். "எந்த நாடு?" என்று கேட்டார். "இலங்கை" என்றதும், "ஆ, தேயிலை" என்றார். "எங்கள் பகுதியில் நெல்" என்றேன். அன்பாகத் தலையை ஆட்டினார். நெல்லையும் தேயிலையில் ஒரு வகையென்று நினைத்தாரோ தெரியாது. ஆனால் அந்தத் தேநீரை நான் மறக்கமாட்டேன். அறிமுகமில்லாத மூன்று பேருக்கு முதலில் சூடு தந்து, பிறகு பெயர் கேட்ட மனுஷி அவர்.

படங்களில் பெரும்பாலும் மலையும் ஆடும் மழையும். ஒரு படத்துக்கு முன்னால் நான் நின்றுவிட்டேன். சரிவில் ஒரு கல்வீடு, மழை, கதவடியில் மஞ்சளாக ஒரு வெளிச்சம். அவ்வளவுதான். என் வாய் தானாகச் சொன்னது: "எல்லாம் வடிவாய்க் கீறியிருக்கினம். வேலியைத்தான் மறந்துபோச்சினம்."

சொன்ன பிறகுதான், இது என் சொல்லே இல்லை என்று உறைத்தது. இது என் அம்மா சொன்னது. வேறொரு மழையில், வேறொரு படத்துக்கு முன்னால் நின்று சொன்னது.

நளினி என் கையை இழுத்து, "வேலி என்றால் என்ன?" என்று கேட்டாள்.

2

யாழ்ப்பாணத்தாருக்குப் பிறந்த பிள்ளை, வேலி என்றால் என்னவென்று கேட்கிறது. இதை எழுதும்போதுகூட எனக்குச் சிரிப்பும் வருகிறது, கொஞ்சம் பயமும் வருகிறது.

சுன்னாகத்தில் யாரிடமாவது இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால், அவர் பதில் சொல்லாமல் நேரே வழக்குப் பேசும் அப்புக்காத்திடம் கூட்டிக்கொண்டு போயிருப்பார். எங்கள் சனம் வீட்டைக் கட்டமுன் வேலியை அடைக்கும். பின்னிய தென்னங்கிடுகு, அதற்கு மேல் பனையோலை, ஆள் உயரத்துக்கு மேலே ஒரு முழம். வாசல் படலையைச் சாத்தினால் உள்ளே நடப்பது உள்ளே, வெளியே நடப்பது வெளியே. வருடா வருடம் வேலி அடைக்கும்போது அடுத்த வளவுக்காரனோடு ஒரு சண்டை, அடைத்து முடிந்ததும் ஒரு தேத்தண்ணி. அப்படி வளர்ந்தவர் என் அம்மா.

அப்பாவோடு பிறந்தவர்கள் ஐந்து பேர். பங்கு பிரித்து வந்தபோது அப்பாவுக்குக் கிடைத்த துண்டில் வேலிக்குப் போக, மிச்சத்தில் ஒரு வாழை நடலாம். அந்த நேரத்தில்தான், அதாவது ஐம்பதுகளின் தொடக்கத்தில், வன்னியில் குளங்களைத் திருத்திக் காணி கொடுக்கிறார்கள் என்ற கதை வந்தது. அப்பா விண்ணப்பம் போட்டார். அக்கராயன் குளத்துக்குக் கீழே வயலும், வீடு கட்ட மேட்டுக்காணியும் கிடைத்தன. அப்பா ஆனையிறவைத் தாண்டிப் போனவர், ஒரு வருடத்துக்கு மேலாகத் தனியே கிடந்து காடு வெட்டினார். அம்மா அசையவில்லை. பாம்பு, காய்ச்சல், யானை என்று வரிசையாகக் காரணம் வைத்திருந்தார்.

ஆனால் அரசாங்கத்தின் காணிக் கந்தோருக்கு ஒரு சட்டம் இருந்தது. காணி கிடைத்தவர் குடும்பத்தோடு குடியிருக்க வேண்டும். இல்லையென்றால் காணி வேறொருவருக்குப் போகும். உத்தியோகத்தர் அடிக்கடி வந்து பார்ப்பார். ஒருமுறை அவர் வருகிறார் என்று கேள்விப்பட்டு, அப்பா அம்மாவின் பழைய சேலைகள் இரண்டைக் கொடியில் போட்டுவைத்திருக்கிறார். உத்தியோகத்தர் குடையைப் பிடித்தபடி வந்து நின்று, "மழைக்குள்ளை சேலை காயுதோ?" என்று கேட்டாராம்.  "தைப்பொங்கலுக்கு முதல் குடும்பத்தைக் கொண்டு வாரும். இல்லாட்டி நான் எழுதவேண்டியதைத்தான் எழுதுவன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது. காணிக்காகக் காத்திருந்தவர்கள் எத்தனையோ பேர்.

அப்பா சுன்னாகத்துக்கு வந்து இதைச் சொன்னபோது, குசினி அடுப்படியில் நின்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பா கெஞ்சவில்லை, சத்தம் போடவில்லை. கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கைகள் முழுக்கக் கோடாலி பிடித்த காய்ப்பு. அம்மாவும் அதைப் பார்த்தார்.

"மார்கழி லீவுக்குப் பிள்ளையளோடை வந்து இருந்து பாக்கிறன்" என்றார் அம்மா. "மனம் ஒத்துவரேல்லையெண்டால் பொங்கலுக்கு முதல் இஞ்ச வந்திடுவன். பிறகு என்னைக் கேக்கக்கூடாது."

"ஓம்."

"வேலி அடைச்சுப்போட்டுத்தான் கூப்பிடோணும்."

"ஓம்" என்றார் அப்பா. அவர் அப்போது யானையைக் கட்டி வை என்றாலும் ஓம் என்றிருப்பார்.

3

எங்களுடைய முதல் மழைக்கால விடுமுறை அப்படித்தான் தொடங்கியது. இங்கே உள்ளவர்கள் சிரமப்பட்டுக் காசு சேர்த்து, காட்டோரம் மரக்குடில் தேடிப் போய் மழை பார்க்கிறார்கள். எங்களுக்கு அது காணிக் கந்தோரின் தயவில் கிடைத்தது.

அரசாங்கம் கட்டித் தருவதாகச் சொன்ன வீட்டுக்கு அத்திவாரம்கூட வெட்டியிருக்கவில்லை. அதுவரைக்கும் வாடிதான். காட்டுத்தடி நட்டு, களிமண் அப்பி, இலுக்குப்புல்லால் வேய்ந்த ஒற்றை அறைக் கொட்டில். அதைச் சுற்றி அப்பா அடைத்திருந்த வேலியைத்தான் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து லொறியில் கிடுகும் பனையோலையும் கொண்டுவந்து, நாலு பக்கமும் ஓர் ஈ நுழைய இடமில்லாமல் அடைத்திருந்தார். சுற்றிவர வயல், வயலுக்கு அப்பால் குளக்கட்டு, மற்றப் பக்கம் காடு. கூப்பிடு தூரத்தில் ஒரே ஒரு அயல், கந்தையா அண்ணையின் வாடி. அவர் நெடுநாளாக வன்னியில் இருப்பவர்.

"உள்ளுக்கை என்னப்பா, புதையல் கிதையல் வைச்சிருக்கிறீரோ?" என்று அவர் அப்பாவைக் கேட்டார்.

"மனுசி வந்திருக்கிறா" என்றார் அப்பா. சொல்லும்போது அவருடைய முகத்தில் இருந்த பெருமையை நான் இப்போதும் பார்க்கிறேன்.

முதல் அடைமழையிலேயே வேலி தன் குணத்தைக் காட்டியது. பெய்த தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் முற்றம் குளமானது. அப்பா அடிக்கிடுகில் ஓட்டை வெட்டி தண்ணீரை விட்டார். மறுநாள் அந்த ஓட்டையால் ஓர் ஆமை உள்ளே வந்து முற்றத்தில் உலாவியது.

"வேலியிலை ஓட்டை கிடக்கு. ஆராலும் பாப்பினம்" என்றார் அம்மா.

"ஆமை பாத்திட்டுது. வேறை ஆர் வரப்போகினம்?" என்றார் அப்பா.

பொழுது பட அப்பா வயல் மூலையில் இருந்த பரணுக்குப் போய்விடுவார். மரக்கிளையில் தடி கட்டி, மேலே ஓலை போட்ட காவல் பரண். பன்றியும் யானையும் கதிர் வரும் பயிரில் இறங்காமல், விடியும்வரை தகரம் அடித்துக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார். அம்மா என்னையும் சின்னத் தம்பியையும் வைத்துக்கொண்டு வாடிக்குள் இருப்பார். தகரச் சத்தம் கேட்டால் அப்பா இருக்கிறார் என்று அர்த்தம். மழை இரைந்தால் சத்தம் கேட்காது. அந்த நேரங்களில் அம்மா எழுந்து படலையடிக்குப் போய், வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பி வருவார். வேலியைத் தவிர அங்கே பார்க்க வேறென்ன இருந்தது?

ஒரு வாரம் போனது. அம்மாவின் முகம் நாளுக்கு நாள் கறுத்தது. அவர் சின்ன வயதிலிருந்தே படம் பார்ப்பதில் பைத்தியம். கலண்டர்ப் படங்களை வெட்டிப் பெட்டிக்குள் வைப்பார், தலையணை உறைகளில் பூவும் கிளியும் கீறித் தைப்பார். ஒருநாள் காலையில் அப்பா கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போது அவர் சொன்னார்:

"இஞ்சாருங்கோ, பாம்புக்கும் காய்ச்சலுக்கும்கூட நான் பயப்பிடேல்லை. ஆனால் இஞ்ச பாக்க ஒண்டுமில்லை. கண் செத்துப்போகுது. நான் போறன்."

குளமும் வயலும் காடும் கொக்குக் கூட்டமும் வேலிக்கு வெளியே கிடக்க, வேலிக்கு உள்ளே இருந்துகொண்டு, பார்க்க ஒன்றுமில்லை என்கிறார். அப்பா அதைச் சுட்டிக் காட்டியிருக்கலாம். வேறு ஆளென்றால் காட்டியிருப்பார். அப்பா கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "பாக்க ஒண்டு இருந்தால்?" என்று மட்டும் கேட்டார்.

4

சைக்கிளில் கருவாடு கொண்டுவரும் ஒருவர் அப்பாவிடம் முன்பே சொல்லியிருந்தாராம். முல்லைத்தீவுக் கரையில் தன் ஊரில் ஒரு படக்கொட்டில் இருக்கிறது, ஊராட்கள் மழைக்காலத்தில் போய்ப் பார்ப்பார்கள் என்று. அப்பா அதைப் பிடித்துக்கொண்டார். கந்தையா அண்ணையிடம் வயலைப் பார்க்கச் சொல்லிவிட்டு, விடிய முதல் பஸ்ஸில் எங்களை ஏற்றினார். கிளிநொச்சியில் ஒரு மாற்றம், மாங்குளத்தில் இன்னொரு மாற்றம். வழியெல்லாம் மழை. பஸ் கூரை ஒழுகி அப்பாவின் மடியில் விழுந்தது. அவர் இடம் மாறவில்லை. மாறினால் அம்மாவின் மேல் ஒழுகும்.

எல்லாவற்றையும் யோசித்த அப்பா கிழமையை யோசிக்கவில்லை. அன்று வெள்ளிக்கிழமை. அம்மா தலை முழுகி, திருநீறு பூசி, மீன் இறைச்சி என்ற மச்ச வாசனையும் படாமல் இருக்கிற நாள். படக்கொட்டிலின் வாசலுக்குப் போனபோதே எங்களுக்கு மூக்கில் அடித்தது. அது ஒரு கருவாட்டு வாடி.

அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு அப்பாவைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே நான் சுன்னாகத்துக்கு மூட்டை கட்டிவிட்டேன்.

கொட்டிலைத் திறந்தவர் திரேசம்மா என்கிற அக்கா. நாற்பது வயதிருக்கும். எங்கள் நெற்றியைப் பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது. "மணக்கும்தான் தங்கச்சி. என்ன செய்யிறது, தொழில் நடக்கிற காலத்திலை இதுக்குள்ளை கருவாடுதான் கிடக்கும். வாடைக்காத்துக்குக் கடல் மூடினால் இவர் இதைக் கழுவிப்போட்டுப் படங்களைத் தூக்குவார். பங்குனியிலை படம் இறங்கிடும், கருவாடு ஏறிடும்" என்றார்.

அவருடைய கணவர் அந்தோனி ஒரு மூலையில் இருந்து, கை உடைந்த ஒரு மாதா சொரூபத்துக்குக் கை ஒட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துத் தலையை அசைத்ததோடு சரி. கதையெல்லாம் திரேசம்மாதான்.

உள்ளே இருந்தவற்றைப் பார்த்தவர்கள் மணத்தை மறந்துவிடுவார்கள். கூத்து ராசாக்களுக்குக் கட்டிய முடிகள், தேய்ந்துபோன துடுப்புகளில் எழுதிய மீன்கள், உடைந்த வள்ளத்தின் முன்பக்க அணியப் பலகையில் செதுக்கிய பூ. சுவர் முழுக்கப் பழைய வள்ளத்துப் பாய்ச்சீலையில் கீறிய படங்கள். வள்ளத்துக்குப் பூசி மிஞ்சிய மை, உடுப்புக்குப் போடுகிற நீலம், செம்மண், அடுப்புக்கரி, இவ்வளவுதான் அவருடைய நிறங்கள். தம்பி ஒரு சுறாவைப் பார்த்து அழுதான். அப்பா படங்களைப் பார்க்கவில்லை. அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு பின்னால் பின்னால் வந்தார்.

அம்மா கடைசிச் சுவரில் இருந்த படத்துக்கு முன்னால் நின்றார். அது எல்லாவற்றிலும் பெரியது. கீழ்ப்பாதி முழுக்கக் கறுப்புக் கடல். அதற்கு மேலே கோடு மாதிரி மணல். மணலில் ஒரு சின்னக் குடிசை, வாசலில் ஒரு லாம்பு. அந்த லாம்பின் மஞ்சள் வெளிச்சம் தண்ணீரில் நீளமாக இறங்கி, பார்ப்பவரின் காலடிவரை வந்தது.

அம்மா நெடுநேரம் பார்த்தார். பிறகு, யாழ்ப்பாணத்துப் பெண் யாரும் சொல்லக்கூடியதைச் சொன்னார்:

"எல்லாம் வடிவாய்க் கீறியிருக்கிறார். வேலியைத்தான் மறந்துபோனார்."

திரேசம்மா சிரித்தார். "மறக்கேல்லைத் தங்கச்சி. மற்ற மூண்டு பக்கமும் நிக்குது, வடிவாய்ப் பாருங்கோ. கடல்பக்கம் நாங்கள் வேலி அடைக்கிறேல்லை."

"ஏன், களவு போகாதோ?"

"கடலாலை வந்து எங்கட பானை சட்டியை ஆர் எடுக்கிறது? தொழிலுக்குப் போனவருக்கு வீட்டு லாம்பு தெரியவேணும். எனக்கும் அவரின்ரை வள்ளத்து வெளிச்சம் தெரியவேணும். அடைச்சுப்போட்டு உள்ளுக்கை இருந்தால் எனக்கு நித்திரை வருமோ?"

மூலையில் இருந்த அந்தோனி அப்போதுதான் வாயைத் திறந்தார். "நான் வள்ளத்திலையிருந்து கண்டதைத்தான் கீறினனான்" என்றார். திரும்பவும் மாதாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

 அம்மா மூக்கைப் பொத்தியிருந்த சேலைத் தலைப்பு எப்போதோ கீழே இறங்கியிருந்தது. புறப்படும்போது திரேசம்மா தந்த தேத்தண்ணியை, கருவாட்டு வாடியின் வாசலில் நின்று, வெள்ளிக்கிழமையில் அம்மா வாங்கிக் குடித்தார். அப்பா அதைப் பார்த்து வாயைத் திறந்தவர், புத்தியாக மூடிக்கொண்டார்.

திரும்பி வரும் வழியெல்லாம் அம்மா பஸ் யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். மாங்குளத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அப்பா மெதுவாகக் கேட்டார்: "படம் பிடிக்கேல்லையோ?"

"பிடிச்சது."

அவ்வளவுதான்.  தன்னிடம் இருந்த கடைசித் துரும்புச் சீட்டையும் போட்டாயிற்று, அதுவும் செல்லவில்லை என்று அப்பா நினைத்திருப்பார். அவர் மழையைப் பார்த்துக்கொண்டு நின்ற விதம் எனக்கு அழுகையை வரவழைத்தது.

5

அடுத்த நாள் பின்னேரம் அப்பா வழக்கம்போலப் பரணுக்குப் போனார். மழை தூறிக்கொண்டிருந்தது. அம்மா எனக்கும் தம்பிக்கும் சோறு தந்தார், அரிக்கன் லாம்பைத் துடைத்துக் கொளுத்தினார். பிறகு சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, விறகு வெட்டும் கத்தியை எடுத்து முற்றத்தில் இறங்கினார்.

வயல்பக்கத்து வேலியில் கிடுகைக் கட்டியிருந்த முதல் கயிற்றை அறுத்தார். அடுத்ததையும் அறுத்தார். நனைந்து ஊறிய கிடுகு வரிசை பெரிய சத்தத்தோடு சரிந்தது. பனையோலை சடசடவென்று முறிந்தது. ஒரு தடி வரமாட்டேன் என்று நிற்க, அம்மா அதைக் காலால் உதைத்து விழுத்தினார். அம்மாவுக்கு அவ்வளவு பலம் இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். "என்னம்மா செய்யிறீங்கள்?" என்று கேட்டேன். "தள்ளி நில் பிள்ளை, தடி விழும்" என்றார்.

அந்தச் சத்தம் பரண்வரை போய்விட்டது. ஓலை முறிகிற சத்தம் கேட்டால் வன்னியில் ஒரே அர்த்தம்தான். அப்பா ஒரு கையில் தகரமும் மறு கையில் தீப்பந்தமுமாக வரம்பால் விழுந்தெழும்பி ஓடி வந்தார். "யானை, யானை, பிள்ளையளைப் பிடியும்" என்று அவர் கத்துவது மழைக்குள்ளால் கேட்டது. அந்தப் பக்கம் கந்தையா அண்ணையும் கூக்குரல் வைத்துக்கொண்டு வந்தார்.

வந்தவர்கள் இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். ஒரு பக்கம் வேலியே இல்லை. நடுவில் அம்மா, கையில் கத்தி, தலையெல்லாம் ஓலைத் தும்பு.

"யானை இல்லை. நான்தான்" என்றார் அம்மா.

கந்தையா அண்ணை மூச்சை விட்டுவிட்டு, "யானையெண்டால் இவ்வளவு துப்புரவாய் வெட்டியிராது" என்று சொன்னார். பிறகு, இது தனக்குரிய இடமில்லை என்று கண்டவர்போல, தன் பாட்டில் வரம்பில் ஏறிப் போய்விட்டார்.

அப்பாவின் தீப்பந்தம் தூறலில் சீறிக்கொண்டிருந்தது. அம்மா லாம்பைக் கொண்டுவந்து வாடியின் வாசல் கப்புத் தடியில் தொங்கவிட்டார்.

"பரணிலை ஏறி, இது தெரியுதோ எண்டு பாத்துச் சொல்லுங்கோ."

அப்பா போனார். பரணில் ஏறினார். அவர் உருவம் தெரியவில்லை. தீப்பந்தம் மட்டும் மரத்துக்கு மேலே சின்னதாக அசைந்தது. அம்மா முற்றத்தின் நடுவில் நின்று அதையே பார்த்தார்.

"தெரியுது" என்று அங்கிருந்து சத்தம் வந்தது.

"எனக்கும் தெரியுது" என்று அம்மா திருப்பிக் கத்தினார். அம்மா சத்தம் போட்டுக் கதைத்து நான் அதற்கு முன்னர் கேட்டதில்லை. சுன்னாகத்து வேலிக்குள் அதற்குத் தேவையும் இருக்கவில்லை.

அப்பா திரும்பவும் இறங்கி வந்தார். லாம்படியில் வந்து நின்று, கேட்கப் பயந்து கேட்டார்: "அப்ப, பொங்கலுக்கு?"

"பொங்கலுக்கு நெல்லுக் குத்த உரல் வேணும். சுன்னாகத்திலை கிடக்கிற என்ரை உரலை லொறியிலை ஏத்திவிடச் சொல்லி அங்கையிருக்கிற என்ரை அண்ணைக்குச் சொல்லுங்கோ."

விருந்துக்குப் போகிறவர்கள் உரலைத் தூக்கிக்கொண்டு போவதில்லை. அப்பாவுக்கு அது விளங்கியது. அவர் தீப்பந்தத்தைச் சேற்றில் குத்திவிட்டு, தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். மழையில் நனைந்த முகத்தைத்தான் துடைக்கிறார் என்று நான் அப்போது நினைத்தேன்.

பொங்கலுக்குச் சில நாள் முன்னர் உத்தியோகத்தர் வந்தார். வயல்பக்கம் நின்றே பார்த்தார். அம்மா முற்றத்து அடுப்பில் புட்டு அவிப்பதும், தம்பி ஆமைக்குப் பின்னால் போவதும், நான் உரலில் ஏறியிருப்பதும் அவருக்குத் தெரிந்தது. "உள்ளுக்கு வாங்கோ ஐயா" என்று அப்பா கூப்பிட்டார். "தேவையில்லை. குடும்பம் இருக்குதெண்டு இஞ்சையிருந்தே தெரியுது" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போனார்.

6

இந்த நாட்டுக் கந்தோர்களில் பிறந்த இடம் என்ற கேள்விக்குச் சுன்னாகம் என்று எழுதுகிறேன். எந்த ஊர் என்று வாயால் கேட்டால் அக்கராயன் என்கிறேன். இரண்டும் ஒத்துவரவில்லை என்று ஓர் உத்தியோகத்தர் என்னைக் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். ஒத்துவராதுதான். அதற்கு ஒரு வேலியும் ஒரு படமும் சேர்த்து எழுத வேண்டும். அந்தக் கட்டத்துக்குள் அவ்வளவு இடம் இல்லை.

அன்றைக்கு அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பி வந்து, குடிலில் அடுப்பு மூட்டி, நளினிக்கு இவ்வளவையும் சொன்னேன். தமிழில்தான் சொன்னேன். விளங்காத இடத்தில் கேட்டாள். கிடுகு, படலை, பரண் எல்லாவற்றையும் அடுப்புக்கரியால் பலகையில் கீறிக் காட்ட வேண்டியிருந்தது. இவர் விறகும் பாலும் வாங்கக் கீழே போயிருந்தார். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது, மழை முணுமுணுத்தது. கதை முடிந்ததும் நளினி எழுந்து போய் யன்னல் திரையை இழுத்துத் திறந்தாள். மேசையில் இருந்த விளக்கைத் தூக்கி யன்னலடியில் வைத்தாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நானும் தடுக்கவில்லை. பள்ளத்தில் ஒரு சின்ன வெளிச்சம் ஆடி ஆடி மேலே ஏறி வந்தது. இவர் கையில் கொண்டுபோன டோர்ச்.

இந்த நாடு எனக்கு வீடு தந்திருக்கிறது, வேலை தந்திருக்கிறது, முன்பின் தெரியாத என் மேல்கோட்டைக் காயவைத்த ஒரு கிழவியைத் தந்திருக்கிறது. நன்றி கெட்டவளாக நான் எதையும் எழுதமாட்டேன். ஆனால் முகம் தெரியாத ஊரில் போய் இருந்து பார்க்கலாம் என்கிற துணிவை எனக்குத் தந்தது அன்றைக்குக் கத்தியோடு முற்றத்தில் நின்ற என் அம்மா. அதற்கு முன்னர், பஸ்ஸின் ஒழுக்குக்குக் கீழே அசையாமல் இருந்த என் அப்பா. அதற்கும் முன்னர், கருவாட்டு வாடியைக் கழுவிவிட்டுப் படம் தூக்கிய அந்தக் கடற்கரைக் குடும்பம். அவர்களை நான் திரும்பப் பார்க்கவே இல்லை.

அப்பா காலமாகி இரண்டு வருடம் ஆகிறது. அந்த நேரம் ஊருக்குப் போயிருந்தேன். வாடி நின்ற இடத்தில் இப்போது கல்வீடு. அம்மா தனியே இருக்கிறார் என்று, தம்பி காணியைச் சுற்றி முட்கம்பி அடிக்க ஆள் கொண்டுவந்திருந்தான். மூன்று பக்கமும் அடித்து முடித்து வயல்பக்கத்துக்கு வந்தபோது அம்மா வெளியே வந்தார்.

"இந்தப் பக்கம் வேண்டாம்" என்றார்.

தம்பிக்குச் சின்னதாகக் கோபம் வந்தது. "அம்மா, பரணிலை இப்ப ஆர் இருக்கினம்? இனி ஆர் பாக்கிறதுக்கு இதைத் திறந்து வைச்சிருக்கிறீங்கள்?"

அம்மா வயல் மூலையில் நிற்கும் அந்த மரத்தைப் பார்த்தார். அதில் பரண் இல்லை. தடி கட்டிய தழும்பு மட்டும் இருந்தது.

"அவர் என்னைப் பாத்தது போதும்" என்றார். "நான் அவரைப் பாக்கவேண்டாமோ?"

கம்பிக்காரர் தன் சாமான்களைக் கட்டிக்கொண்டு போனார்.